மட்டக்களப்பில் மெடினில்லா வளர்க்க: செடியைக் கடைசியாக வாங்குங்கள்

சுவிஸில் இருக்கும் மச்சாள் அனுப்பிய மெடினில்லாப் பூச்செடியின் படத்தையோ, கண்டிப் பக்கம் யாரோ வீட்டு விறாந்தையில் தொங்கியதையோ பார்த்துவிட்டு "இது நம்ம ஊரில் வருமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரும். ஆனால் நர்சரிக்காரர் சொல்லும் "நிழலில் வையுங்கள், தண்ணி ஊற்றுங்கள்" என்பதை மட்டும் நம்பினால், ஆடி மாதம் தாண்டாது.

மெடினில்லா மக்னிஃபிகா, இளஞ்சிவப்புப் பூக்கொத்துத் தொங்கும் பிலிப்பைன்ஸ் மழைக்காட்டுப் புதர். அங்கே பெரிய மரங்களின் கவட்டில், சருகும் பாசியும் சேர்ந்த இடத்தில் வேர் பிடித்து வளர்கிறது. நிலத்து மண் அதற்குப் பழக்கமில்லை. வேருக்குக் காற்று வேண்டும், இலைக்கு ஈரக்காற்று வேண்டும், குடிக்க மழைநீர் வேண்டும். நம்மிடம் இருப்பது கடற்கரை மணல், உவர்க் கிணறு, வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் வறண்ட கச்சான் காற்று. வெக்கையை அது ஓரளவு தாங்கும். தாங்காதது கிணற்றுத் தண்ணீரையும் அந்தக் காற்றையும்தான். ஆகவே அவை இரண்டுக்கும் முதலில் வழி செய்துவிட்டு, அப்புறம் செடிக்குப் போவோம்.

1. தண்ணீரைச் சரிபாருங்கள்

கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி, அங்கிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை வரைக்கும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிணறுகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அளவில் உவர் அல்லது கடினம் (சுண்ணாம்பு கூடியது). குடித்துப் பார்த்தால் தெரியாத அளவு உப்புக்கூட இந்தச் செடிக்கு அதிகம். வீட்டிலேயே பார்க்க இரண்டு வழி இருக்கிறது. சவர்க்காரம் அந்தத் தண்ணீரில் நன்றாக நுரைக்கிறதா? கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு சேர்கிறதா? நுரைக்காமல் படிவும் சேர்ந்தால், அந்தக் கிணற்றை மறந்துவிடுங்கள். தேசிக்காய் பிழிந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் கொஞ்சம் புளிக்கும், உப்பு அப்படியே இருக்கும்.

இருப்பதில் சிறந்தது மழைநீர். கணக்கு இலேசானது: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பத்துச் சதுர மீற்றர் கூரைத் துண்டுக்குப் பீலி போட்டு விட்டால், 20 மில்லிமீற்றர் மழைக்கு 200 லீற்றர், அதாவது ஒரு நீலப் பரல் நிறைந்துவிடும். கார்த்திகையில் அந்தளவு மழை ஒரு பின்னேரத்திலேயே பெய்யும். முதல் இரண்டு மழையை வெளியே ஓடவிடுங்கள். கூரைத் தூசியும் காக்கை எச்சமும், கடற்கரை வீடென்றால் உப்புப் படிவும் அதோடு போகட்டும்.

ஒரு நடுத்தரச் சாடிக்கு மழையில்லாத காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக அரை லீற்றர் என்று வைத்தால், இரண்டு செடிக்கு ஒரு பரல் ஆறு மாதத்துக்கு மேல் வரும். தை மாதத்தில் மூடி வைத்த பரல் ஆவணி வரை காப்பாற்றிவிடும். இடையில் ஒரு மழை கிடைத்தால் அது இலாபம்.

பரலின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் பூச்செடி ஆசையைப் பார்த்து இரங்க மாட்டார். குடம்பி கண்டால் அறிவித்தல், பிறகு நீதிமன்றம் என்று போகும். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான். தட்டு வைக்கவே வேண்டாம், வேரும் அழுகும்.

மழைநீர் முடிந்துபோனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு இல்லை. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய் நீர் கிணற்றைவிடப் பரவாயில்லை. வாளியில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

2. இடம்

காலை வெயில் ஒன்பது மணி வரை படலாம். அதற்குப் பிறகு நேர்வெயில் படக்கூடாது, ஆனால் வெளிச்சம் நிறைய இருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த விறாந்தை முதல் தெரிவு. மாமரம், ஈரப்பலா மரத்தின் கீழ் தொங்கவிடுவதும் நல்லது; உதிரும் இலை சாடிக்குள் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெறும் வளவுதான் இருக்கிறது என்றால் 70 வீத நிழல்வலை கட்டுங்கள். வலை வாங்கும்போது வீதத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் 50 வீத வலைதான் அதிகம் கிடைக்கும், நம்மூர் நடுப்பகலுக்கு அது காணாது. அதுதான் இருக்கிறது என்றால் இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

காற்றைத் தடுக்க நிழல்வலை போதாது. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. தரையோடு தரையாக வந்து இலையின் ஓரத்தைத் தீய்த்துவிடும். அந்தப் பக்கத்துக்குக் கிடுகு கட்டுங்கள். சீற்று, பொலித்தீன் என்று எதைக் கட்டினாலும் உள்ளே சூடு தங்கும், கிடுகுக்குள் காற்று வடிந்து வரும். பின்னேரம் கிடுகில் தண்ணீர் தெளித்துவிட்டால், அதனூடாக வரும் காற்று குளிர்ந்து வருவதை நின்று பார்த்தாலே உணரலாம். இதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், செடியில் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

பூக்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், அரை மீற்றர் நீளம்கூட வரும். அதனால் சாடியைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடையிலோ, கொளுக்கியிலோ வையுங்கள். ஈரப் பொச்சுக் கலவையோடு பெரிய செடி நல்ல பாரம் வரும், மெல்லிய கம்பி தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் தாழமுக்கம் என்று அறிவித்தால் தொங்கும் சாடி எல்லாவற்றையும் இறக்கிச் சுவரோரம் வைத்துவிடுங்கள்.

3. எவ்வளவு செலவாகும்

ரூபாய்க் கணக்கு எழுதினால் நாலு மாதத்தில் பழசாகிவிடும். எதற்கு அதிகம் போகும் என்பதைச் சொல்கிறேன். முதலிடம் நிழல்வலையும் அதற்கான தூண், கம்பியும். விறாந்தை இருப்பவர்களுக்கு இது மிச்சம். அடுத்தது பரலும் பீலியும். அதற்குப் பிறகுதான் செடி. கலவைக்கான பொச்சு, கரி, உமி எல்லாம் நம்மூரில் ஏறக்குறைய இலவசம், கேட்டால் கிடைக்கும்.

செடி விலையில் பெரிய வித்தியாசம் பூவால் வருகிறது. பூத்து நிற்கும் செடிக்கு, அதே உயரத்தில் பூக்காமல் நிற்பதைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். அந்தப் பணம் வீண். பூவோடு வரும் செடி நம்ம வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் மொட்டை உதிர்த்துவிடும். விரல் நீளத்தில் வேர்விட்ட கன்று மலிவுதான், ஆனால் பூ பார்க்க இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும், முதல் கச்சானில் போகும் ஆபத்தும் அதற்குத்தான் அதிகம். ஓரடி உயரம், மூன்று நாலு கிளை, பூ இல்லை: இதைக் கேளுங்கள்.

4. எது மெடினில்லா என்று பார்த்து வாங்குங்கள்

ஒரே பெயரில் வேறு வேறு செடி விற்கிறார்கள். மக்னிஃபிகாவின் தண்டைத் தடவிப் பாருங்கள், உருண்டையாக இருக்காது. நான்கு பக்கமும் விளிம்பு தட்டுப்படும். கணுவைச் சுற்றிச் சிறு முடி போலச் சுணை இருக்கும். இலை எதிரெதிராக, காம்பு இல்லாமல் தண்டோடு ஒட்டி, தோல் போலத் தடிப்பாக, ஓரடி வரை வளரும். வெளிர் நரம்புகள் தெளிவாக ஓடும். பூக்கொத்தின் மேலே பெரிய இளஞ்சிவப்புச் செதில்கள் அடுக்காக விரிந்திருக்கும்.

அந்தப் பெரிய செதில் இல்லாமல், சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகத் தொங்கி, பிறகு திராட்சைக் குலை போலக் காய்ப்பது மெடினில்லா மிரியாந்தா. இதைக் காட்டி மக்னிஃபிகாவின் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கடற்கரையில் இருப்பவர்களுக்கு, முதல் செடியாக நான் மிரியாந்தாவைத்தான் சொல்வேன். தாழ்நிலச் சூட்டில் அது இலகுவாகப் பூக்கும். மக்னிஃபிகா பூக்க இரவு குளிர வேண்டும், நம்ம ஊரில் அது மார்கழி, தையில் மட்டும்தான் கொஞ்சம் கிடைக்கிறது. இரண்டையும் வைத்திருந்தால் ஒன்று ஆறுதலுக்கு, ஒன்று சவாலுக்கு.

விதை வாங்கவே வேண்டாம். நீலம், கறுப்பு, வானவில் நிறமெல்லாம் போட்டு மெடினில்லா விதை என்று இணையத்தில் விற்பவை ஏமாற்று.

5. வாங்கும் காலமும் கொண்டுவரும் வழியும்

நல்ல காலம் தைப்பொங்கலுக்குப் பிறகு, மாசி முடியும் வரை. அடைமழை குறைந்திருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், கச்சானுக்கு முன் செடி இரண்டு மூன்று மாதம் பழகிக்கொள்ளும். ஐப்பசி இரண்டாம் தெரிவு. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குக் கண்டி போகிறவர்கள்தான் அதிகம் வாங்கி வருகிறார்கள், அதிகம் இழப்பவர்களும் அவர்கள்தான்.

பேராதனை தாவரவியற் பூங்காவில் செடி விற்கும் பகுதி இருக்கிறது, கண்டி வீதியோரத்தில் தனியார் நர்சரிகளும் நிறைய. கொழும்புக்குப் போகிறவர்கள் பத்தரமுல்லை தியத உயனவில் பார்க்கலாம். எங்கே வாங்கினாலும் "இது எங்கே வளர்ந்தது?" என்று கேளுங்கள். நுவரெலியாக் குளிரில் வளர்ந்ததை நேரே கல்முனைக்குக் கொண்டுவந்தால் இலை கொட்டும். கண்டியைச் சுற்றி வளர்ந்தது அவ்வளவு அதிர்ச்சி அடையாது.

கண்டியிலிருந்து மகியங்கனை, மகாஓயா, செங்கலடி வழியாக வரும் இரவு பஸ் நல்லது. பகல் பஸ்ஸின் மேல்தட்டில் வைத்தால் கூரைச் சூட்டில் இலை வெந்துவிடும். அம்பாறைப் பக்கத்தவர்களுக்கும் மகியங்கனை வழி பஸ் இருக்கிறது. முதல்நாள் தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துப் பத்திரிகைத் தாளில் தளர்வாகச் சுற்றி, அடியை மட்டும் பொலித்தீன் பையில் கட்டி, காலுக்கிடையில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு வாங்கிப் பையில் வையுங்கள். உள்நாட்டு நர்சரிச் செடிக்கு அனுமதிப்பத்திரம் ஒன்றும் தேவையில்லை, ஆனால் வழியில் யாரும் "காட்டிலிருந்து பிடுங்கியதா?" என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். இலங்கையின் ஈரக்காடுகளிலும் மெடினில்லா இனங்கள் சில உண்டு. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து எந்தச் செடியைப் பிடுங்குவதும் குற்றம்.

6. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைப்பவர்களுக்கு

ஐரோப்பாவில் இது சாதாரண வீட்டுச் செடி, சுப்பர் மாக்கெட்டிலும் நிற்கும். அதனால் விடுமுறைக்கு வரும் உறவினர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயிருள்ள செடியை நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் கீழ் வரும் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கட்டுநாயக்காவில் இருக்கிறது, விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். அனுப்பும் நாட்டின் அரச அதிகாரி கொடுத்த தாவர சுகாதாரச் சான்றிதழும் செடியோடு வர வேண்டும். கடைப் பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது. மண் ஒரு துளியும் ஒட்டியிருக்கக் கூடாது.

வரிசை முக்கியம். முதலில் இங்கே அனுமதி, அப்புறம் அதைக் காட்டி அங்கே சான்றிதழ், அப்புறம் பயணம். தலைகீழாகச் செய்தால் விமான நிலையத்தில் செடி போய்விடும். ஒரு செடிக்கு இவ்வளவு அலைச்சல் தகாது என்பது என் கருத்து. அந்தக் காசுக்குப் பேராதனையில் நாலு செடி வாங்கலாம். "நேரடி இறக்குமதி" என்று சொல்லி விலை ஏற்றி விற்பவரிடம் அனுமதிப் பிரதியைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

7. கலவை

மண் வேண்டாம். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சிப்பித்தூள் சுண்ணாம்புதான், இந்தச் செடிக்கு இலேசான புளிப்புத்தன்மை வேண்டும்.

தென்னம்பொச்சைப் பெருவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டி மூன்று பங்கு, மரக்கரித் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, உடைந்த ஓட்டுத்துண்டு அரைப் பங்கு. உமிக்கரி ஒரு கைப்பிடி போடலாம், கூடப் போட்டால் சாம்பல் காரம் ஏறும். கரியைச் சாம்பல் போகக் கழுவுங்கள்.

பொச்சை ஊறவைக்காமல் போடுவதால்தான் பலருடைய செடி முதல் மாதத்திலேயே கருகுகிறது. கடற்கரைத் தென்னையின் பொச்சில் உப்பு இருக்கும், எல்லாப் பொச்சிலும் கறைச்சாறு இருக்கும். வாளியில் ஊறவைத்தால் முதல்நாள் தண்ணீர் கடும் தேயிலைச் சாயம் போல வரும். தினமும் ஊற்றிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். நிறம் வெளிறும் வரை, ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கடைசி இரண்டு தரம் மழைநீர்.

சாடி வேருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய சாடியில் நடுவிலுள்ள கலவை காயாமல் நின்று வேர் அழுகும். மண்சட்டி அழகு, ஆனால் கச்சானில் அரைநாளில் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் சாடியில் பக்கத்திலும் துளை போட்டு வையுங்கள். பொச்சு மக்கிச் சேறாகும்போது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கலவையை மாற்ற வேண்டிவரும்.

8. முதல் மாதமும் அதற்குப் பிறகும்

வந்த உடனே சாடி மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரம் நல்ல நிழலில் அப்படியே நிற்கட்டும். கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழும், பயப்படாதீர்கள். நுனிக் குருத்து கருகினால்தான் பயப்பட வேண்டும்.

விரலைக் கலவைக்குள் ஒரு மூட்டு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடியால் வடியும் வரை ஊற்றுங்கள். "தினமும் கொஞ்சம்" என்ற பழக்கம் உப்பைச் சேர்க்கும். மாதம் ஒருமுறை மழைநீரை இரண்டு மடங்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

பசளைக்கு, தண்ணீரில் கரைத்து ஊற்றும் அல்பேர்ட் கரைசல் போதும். பைக்கற்றில் சொன்ன அளவில் கால்வாசி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மாசி முதல் புரட்டாதி வரை. பச்சை ஆட்டெருவும் கோழி எருவும் வேரைச் சுடும். மீன் கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுங்கள். இதற்கு ஊற்றினால் உப்பு ஏறும், எறும்பும் பூனையும் வரும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், தண்ணீரின் சுண்ணாம்பால் செடிக்கு இரும்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். பசளையைக் கூட்டாதீர்கள். தண்ணீரை மாற்றி, இரும்பு கலந்த நுண்போசணைத் தெளிப்பை இலைக்கு அடியுங்கள்.

9. பூவுக்கு

மொட்டு வைக்க இரண்டு விடயம் சேர வேண்டும்: குளிர்ந்த இரவும், கொஞ்சம் தாகமும். நம்ம ஊரில் குளிர் வரும் நேரத்தில்தான் மழையும் கொட்டுகிறது, சிக்கலே அங்கேதான். கார்த்திகைக் கடைசியில் செடியைக் கூரைக்குள், மழை படாத ஆனால் இரவுக் காற்றுப் படும் விறாந்தைக்கு மாற்றுங்கள். இந்தக் காலத்தில் பசளை வேண்டாம். இலை வாடாத அளவுக்கு, நாலைந்து நாளுக்கு ஒருதரம் மட்டும் தண்ணீர். இப்படி ஆறு எட்டுக் கிழமை. கிளை நுனியில் கூம்பாக ஓர் இளஞ்சிவப்பு முளை தெரிந்ததும் பழையபடி தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள்.

மொட்டு தெரிந்த பிறகு சாடியை அசைக்காதீர்கள், திருப்பாதீர்கள். வெளிச்சம் வரும் பக்கம் மாறினால் மொட்டு உதிரும். எந்தப் பக்கம் வெளிச்சம் என்று சாடியில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தால், கூட்டிப் பெருக்கிறவர் நகர்த்தினாலும் பழையபடி வைக்கலாம்.

எல்லா வருடமும் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மார்கழி முழுக்க முகில் மூடி இரவிலும் புழுக்கமாக இருந்தால், அந்த வருடம் இலை மட்டும்தான். உன்னிச்சை, கரடியனாறு போல உள்ளே இருப்பவர்களுக்கு இரவு கொஞ்சம் கூடுதலாகக் குளிரும், அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

10. பூச்சியும் புதுச் செடியும்

கச்சான் காலத்தில் இலையடியில் சிற்றுண்ணி, மற்றக் காலத்தில் கணுவில் பஞ்சு போல வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு தண்டில் ஏறினால் வெண்மூட்டுப்பூச்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் திரவம். பொழுதுபட்ட பிறகு அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை வேகும். கார்த்திகை மழையில் நனையவிட்டால் இலையில் கறுப்புப் புள்ளி வரும்; அந்த இலையை வெட்டி எரித்துவிட்டு, சாடிகளை விலக்கி வையுங்கள்.

பூ முடிந்ததும் கொத்தை இரண்டு கணு கீழே சேர்த்து வெட்டுங்கள், அங்கிருந்து இரண்டு கிளை வரும். வெட்டிய துண்டை நட்டு வேர் பிடிக்கவைப்பது நம்ம சூட்டில் கஷ்டம். காற்றுப் பதியம்தான் சுலபம். ஐப்பசியில், பென்சில் தடிப்புள்ள கிளையில் கணுவுக்குக் கீழே ஓரங்குலத்துக்குப் பட்டை சீவி, ஊறவைத்துப் பிழிந்த தென்னந்தும்பைச் சுற்றி, தெளிந்த பொலித்தீனால் இரண்டு பக்கமும் கட்டுங்கள். வேர் வெளியே தெரிய இரண்டு மாதமளவில் ஆகும். வெள்ளை வேர் பொலித்தீன் முழுக்க ஓடிய பிறகே வெட்டுங்கள், இரண்டு மூன்று வேரைக் கண்டதும் அவசரப்பட்டால் கன்று நிற்காது. தையில் வெட்டி நட்டால் கச்சானுக்கு முன் அதற்கும் மூன்று மாதம் கிடைக்கும்.